சிரிக்க வைத்தவனுக்கு ஏன் சம்பளச் சீட்டு இல்லை?

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் மாதம் ஒரு முறையாவது ஒரு செய்தி சுற்றுக்கு வந்துவிடும். மேலே ஒரு பழைய நகைச்சுவை நடிகரின் கறுப்பு வெள்ளைப் படம், கீழே நாலு வரி. லட்ச லட்சமாய்ச் சம்பாதித்தார், கடைசியில் கையில் காலணா இல்லை, சேமிக்கத் தெரியாதவன் கதி இதுதான் என்று. அதற்கடியில் பத்துப் பேர் கும்பிடு போடுவார்கள். ஒருவர் "பாவம்" என்பார். இன்னொருவர் "குடிதான் காரணம்" என்பார். அதோடு விஷயம் முடிந்துவிடும். மறுநாள் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து சேரும்.

இந்தப் பேச்சை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

என் கட்சி இதுதான். நகைச்சுவை நடிகன் ஏழையாகச் சாவதற்கு அவன் குணத்தைக் காரணம் சொல்வது அநியாயம். காரணம், அவனுக்குக் கூலி கொடுக்கும் முறை. அந்த முறையைத் தொடாமல் அவன் நடத்தையைப் பற்றி உபதேசம் செய்ய நமக்கு, குறிப்பாக அரசாங்கப் பென்ஷன் வாங்கும் நமக்கு, எந்த யோக்கியதையும் கிடையாது.

போண்டா மணியை எடுத்துக்கொள்வோம். வடிவேலுவோடு குளத்துக் காட்சியில் வருவாரே, அவர்தான். பெயர் தெரியாதவர்களுக்கும் முகம் தெரியும். இலங்கையில் பிறந்து, அகதியாக இங்கே வந்து, பாக்யராஜின் 'பவுனு பவுனுதான்' படத்தில் 1991-ல் தலைகாட்டியவர். 200 படங்களுக்கு மேல் நடித்தவர். 2022-ல் இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் படுத்தார். சக நடிகர் ஒருவர் அவருக்காக உதவி கேட்டு வீடியோ போட்டார். அமைச்சர் வந்து பார்த்தார். நடிகர்கள் சிலர் பணம் அனுப்பினார்கள். 2023 டிசம்பர் 23-ல் காலமானார்.

அவர் போனதும் நமது குழுவில் அதே நாலு வரி. "200 படம் நடித்தவருக்கு மருத்துவச் செலவுக்குப் பணம் இல்லையாம், எங்கே போயிற்றாம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

எங்கே போயிற்று என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் கருவூலத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கூட்டல் பெருக்கல் தவிர வேறு வித்தை தெரியாது. அவர் என்ன வாங்கினார் என்பது அவர் சொந்த விஷயம். ஒரு மாதிரிக்குத்தான் இந்தக் கணக்கு. சின்ன வேடக்காரருக்கு ஒரு படத்தில் சராசரியாக மூன்று நாள் வேலை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 200 படத்துக்கு 600 நாள். இதை 30 வருடத்துக்குப் பங்கு போட்டால் வருடத்துக்கு 20 நாள் வேலை. ஒரு நாளைக்கு 5000 ரூபாய் என்று வைத்தாலும் வருடத்துக்கு ஒரு லட்சம். மாதத்துக்கு 8333 ரூபாய் சில்லறை. சென்னையில் வாடகை கொடுத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, "சினிமாக்காரர்தானே" என்று கல்யாணப் பத்திரிகையோடு வருகிறவர்களுக்கு மொய்யும் வைத்து, இதில் அவர் என்ன சேர்க்க வேண்டும் என்கிறீர்கள்?

200 படம் என்ற எண் நம்மை ஏமாற்றுகிறது. நாம் அவரை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறோம். அதனால் அவருக்கு ஆயிரம் தடவை கூலி கிடைத்திருக்கும் என்று நம் மனசு தானாகவே கணக்குப் போட்டுக்கொள்கிறது. உண்மையில் அவர் கூலி வாங்கியது படம் பிடித்த அந்த மூன்று நாளுக்கு மட்டும்தான். மீதித் தடவைகளுக்கெல்லாம் வாங்கியது வேறு யாரோ.

யார் என்று பார்ப்பதற்கு வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சிப் பெட்டி போதும். ஆதித்யா, சிரிப்பொலி என்று சிரிப்புக்கென்றே தனிச் சேனல்கள் வந்துவிட்டன. 24 மணி நேரமும் பழைய படங்களின் நகைச்சுவைக் காட்சிகள். இடையில் சோப்பு, மசாலாத்தூள், நகைக்கடை விளம்பரம். சேனலுக்கு வருமானம், படத்தின் உரிமையை வைத்திருப்பவருக்கு வருமானம். உதை வாங்கி, சேற்றில் விழுந்து, நம்மைச் சிரிக்க வைத்தவன் வீட்டு வாசலில் ஒரு ரூபாய் மணியார்டர் வந்து இறங்குவதில்லை. 2019 மே மாதம் 'ஃபிரண்ட்ஸ்' படத்தின் நேசமணி உலகம் முழுக்க ட்விட்டரில் பேச்சானது ஞாபகம் இருக்கும். படம் 2001-ல் வந்தது. 18 வருடம் கழித்தும் ஒரு சுத்தியல் விழுந்த காட்சியை வைத்து அத்தனை பேர் சிரித்தார்கள். எத்தனையோ கம்பெனிகள் அந்தச் சிரிப்பிலே தங்கள் பொருளையும் சேர்த்து விளம்பரம் செய்துகொண்டன. அந்தக் காட்சியில் கூட நின்றவர்களில் நாலு பேர் பெயராவது நமக்குத் தெரியுமா?

இங்கே ஒருவர் எழுந்து, "நாகேஷ் ஏழையாகவா செத்தார்? கவுண்டமணி ஏழையா? வடிவேலு ஏழையா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான். நாகேஷ் ரயில்வேயில் நம்மைப் போல் குமாஸ்தாவாக இருந்து, நாடகத்துக்குப் போய், சினிமாவுக்குப் போனவர். தியாகராய நகரில் சொந்தப் பெயரில் தியேட்டரே கட்டினார். எங்கள் காரைக்கால்காரர் தங்கவேலுவும் நன்றாகவே வாழ்ந்து 1994-ல் கண்ணை மூடினார். ஆனால் இவர்கள் எல்லாம் முதல் வரிசை. படத்தின் விளம்பரத்தில் பெயர் போட்டால் டிக்கெட் விற்கும் என்ற நிலைக்குப் போனவர்கள். பேரம் பேச அவர்கள் கையில் ஒன்று இருந்தது.

தங்கவேலுவையே பாருங்கள். 1936-ல் 'சதி லீலாவதி'யில் எம்.ஜி.ஆர்., என்.எஸ்.கே., டி.எஸ்.பாலையா எல்லோரும் முதல் முதலாகத் திரைக்கு வந்தபோது அவரும் கூடவே வந்தார். 'சிங்காரி' படம் வந்து 'டணால்' தங்கவேலு என்று ஊர் சொன்னது 1951-ல். 'கல்யாணப் பரிசு' பைரவன் வந்தது 1959-ல். முதல் படத்துக்கும் பெயருக்கும் நடுவே 15 வருடம். அந்த 15 வருடமும் அவர் இரண்டாம் வரிசை, மூன்றாம் வரிசை. 16-வது வருடம் அவருக்கு விடிந்தது. விடியாமலே போனவர்கள் எத்தனை பேர்? முதல் வரிசைக்காரர் ஒருவர் நம்மைச் சிரிக்க வைக்க, சுற்றி ஐந்து பேர் அடி வாங்கவும் முழிக்கவும் வேண்டும். அந்த ஐந்து பேரைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். லாட்டரியில் ஒருவனுக்கு விழுந்ததைக் காட்டி, சீட்டு வாங்கின மற்றவனெல்லாம் சோம்பேறி என்று சொல்வது தர்க்கம் ஆகாது.

அடுத்த குற்றச்சாட்டு, குடி, ஊதாரித்தனம். உடனே சந்திரபாபுவை இழுப்பார்கள். தூத்துக்குடியில் பிறந்து, கொழும்பில் வளர்ந்து, பாட்டும் ஆட்டமுமாக ஒரு காலத்தில் உச்சியில் இருந்தவர். 1974 மார்ச்சில் 46 வயதில் போய்விட்டார். 'மாடி வீட்டு ஏழை' என்று சொந்தப் படம் எடுக்கத் தொடங்கி, அது பாதியில் நின்று, கடனில் மாட்டிக்கொண்டார். ஆசையாகக் கட்டிய வீடும் கைவிட்டுப் போயிற்று. சரி, கேட்கிறேன். கீழ ராஜ வீதியில் ஒருவர் ஜவுளிக்கடை போட்டு நொடித்துப் போனால் நாம் என்ன சொல்வோம்? "தொழிலில் நஷ்டம், பாவம்" என்போம். தன் தொழிலிலேயே முதல் போட்டு நஷ்டப்பட்ட நடிகனை மட்டும் ஊதாரி என்போம். ஏன் இந்த இரண்டு தராசு?

குடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரசாங்க ஆபீசுகளில் குடித்தவர்கள் இல்லையா? சம்பள நாளன்று வீட்டுக்காரி ஆபீஸ் வாசலில் வந்து நின்ற கதைகள் நமக்குத் தெரியாதா? சீட்டாடித் தோற்றவர்கள் உண்டு. தங்கைக்கும் மச்சானுக்கும் வாரிக் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களில் யாராவது பிச்சை எடுத்தார்களா? ஒருவரும் இல்லை. காரணம் அவர்கள் திருந்தியது அல்ல. கருவூலம். சம்பளம் கைக்கு வருவதற்கு முன்பே வருங்கால வைப்பு நிதி பிடித்தாயிற்று. குடும்பப் பாதுகாப்பு நிதி பிடித்தாயிற்று. ரிட்டையர் ஆனால் பணிக்கொடை, கம்யூடேஷன், மாதா மாதம் பென்ஷன். அவர் போய்விட்டால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். நாம் எவ்வளவு மோசமானவர்களாக இருந்தாலும் நம் முதுமையை நம்மிடமிருந்தே காப்பாற்றி வைத்தது ஒரு ஏற்பாடு. அந்த ஏற்பாட்டின் நிழலில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "அவனுக்குச் சேமிக்கத் தெரியலை" என்கிறோம்.

அதுவும் எந்தச் சமயத்தில்? 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த நம் பிள்ளைகளுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்றானதும் எத்தனை ஊர்வலம், எத்தனை உண்ணாவிரதம்! "மாதம் பிறந்தால் நிச்சயமான தொகை வேண்டும், பங்குச் சந்தையை நம்பி முதுமையை ஒப்படைக்க முடியாது" என்று மேடை போட்டுப் பேசினோம். சரியான பேச்சு. மாதச் சம்பளம் நிச்சயமாக வாங்குகிறவனுக்கே சொந்தச் சேமிப்பு போதாது என்றால், வருடத்துக்கு 20 நாள் வேலை கிடைக்கிறவனுக்கு எப்படிப் போதும்?

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அம்மா ஊர் அறந்தாங்கி என்பதால் இந்தப் பக்கம் வந்து, தேர்வெழுதி, புதுக்கோட்டை தனி மாவட்டமான 1974-ம் வருடம் வேலைக்குச் சேர்ந்தேன். தமிழில் படிக்காததால் மொழித் தேர்வு வேறு எழுதித்தான் பணிவரன்முறை ஆயிற்று. பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு மோலியேர் நாடகங்கள் பாடம். எங்கள் வாத்தியார் மோலியேரை நடத்தும்போது நாடகத்தை விட்டுவிட்டு நாடகக்காரனின் கதையைத்தான் அதிகம் சொல்வார். மோலியேர் எழுதியது மட்டும் இல்லை, தானே நகைச்சுவை வேடம் கட்டி ஆடியவர். 1673 பிப்ரவரியில், நோயே இல்லாமல் நோய் என்று நம்பும் ஒருவனின் வேடத்தில் நடித்துக்கொண்டிருந்தபோதே உடம்பு மோசமாகி, அன்றிரவே வீட்டில் இறந்தார். நடிகன் என்பதால் கல்லறையில் இடம் கொடுக்கப் பாதிரியார்கள் மறுத்தார்கள். அரசர் தலையிட்ட பிறகு ராத்திரியில்தான் அடக்கம் நடந்தது.

ஆனால் அந்தத் தேசம் அதோடு விடவில்லை. 1680-ல் அரசர் ஆணையில் பாரீஸில் 'கொமெதி ஃபிரான்சேஸ்' என்ற நாடகக் கழகம் அமைந்தது. அதில் நிலையான நடிகர்கள் கூலிக்காரர்கள் அல்ல, பங்காளிகள். வசூலில் அவரவருக்குப் பங்கு. பிறகு 1812 அக்டோபரில் நெப்போலியன் மாஸ்கோவில் உட்கார்ந்திருக்கிறான். ஊர் எரிந்து முடிந்திருக்கிறது. குளிர் வரப்போகிறது. படை திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் பாரீஸ் நடிகர்களுக்கான சட்டதிட்டத்தில் கையெழுத்துப் போடுகிறான். வசூலை 24 பங்காகப் பிரிப்பது எப்படி, 20 வருடம் நடித்தவன் ஓய்வு பெறும்போது பென்ஷன் என்ன என்பதெல்லாம் அதில் உண்டு. இன்றும் அங்கே சினிமா, நாடகத் தொழிலாளிகளுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. வருடத்தில் 507 மணி நேரம் வேலை பார்த்ததற்குக் கணக்கு இருந்தால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். நடிப்பு என்பது விட்டு விட்டுக் கிடைக்கும் வேலை என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குத் தகுந்தபடி சட்டையைத் தைத்திருக்கிறார்கள்.

பிரெஞ்சுக்காரன் உத்தமன் என்று சொல்ல வரவில்லை. அவன் எங்கள் ஊரை ஆண்ட லட்சணமும் எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவைப் பாருங்கள். 1960-ல் அங்கே நடிகர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சங்கத் தலைவர் யார் தெரியுமா? பின்னால் ஜனாதிபதி ஆனாரே, ரீகன். சினிமாவைத் தொலைக்காட்சிக்கு விற்றால் அதில் நடிகனுக்கும் பங்கு வேண்டும் என்பது கோரிக்கை. வாங்கினார்கள். பென்ஷனும் மருத்துவத் திட்டமும் அதோடு சேர்ந்து வந்தது. ரீகன் கம்யூனிஸ்ட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். சினிமாத் தொழிலாளர்களுக்காக 1981-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாமல் அவர்களை வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. சின்னச் சம்பள நடிகனும் அதில் அடக்கம். 1994-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துபவனின் உரிமை என்ற ஒன்று சேர்ந்தது. 1999-ல் அதன் காலம் 50 வருடம் ஆயிற்று. 2012-ல் வந்த திருத்தம் பெரிய திருத்தம். மாநிலங்களவையில் ஜாவேத் அக்தர் அதற்காக வாதாடினார். பாட்டு எழுதியவனுக்கும் இசை அமைத்தவனுக்கும் ராயல்டியை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றது. அதே திருத்தம், நடித்தவனுடைய நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்பட்டால் அவனுக்கும் ராயல்டி உண்டு என்றும் சொல்கிறது.

ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாலும் இருக்கிறது. சினிமாவில் போகிற போக்கில் வந்து போகிறவன், படத்தின் பெயர்ப் பட்டியலிலும் இல்லாதவன் என்றால், அவனுக்கு இந்த உரிமை கிடையாது. தன் நடிப்பைச் சிதைக்காதே என்று கேட்கும் உரிமை மட்டும்தான் மிஞ்சும். யோசித்துப் பாருங்கள். யார் பெயர் பட்டியலில் விட்டுப்போகும்? நாயகன் பெயரா? டீ கொண்டு வந்து கொடுத்து அறை வாங்குகிறவன் பெயர்தான் விட்டுப்போகும். படம் தொடங்கும்போது ஓடுகிற அந்த எழுத்துக்களை நாம் முறுக்கு வாங்கும் நேரமாக வைத்திருக்கிறோம். சின்ன நடிகனுக்கு அது பணிப்பதிவேடு. அதில் பெயர் இல்லை என்றால் அவன் அந்த வேலையைப் பார்த்ததாகவே கணக்கில்லை.

சட்டம் இருந்தும் ஏன் காசு வரவில்லை? கேட்க ஆள் வேண்டும். பாடகர்கள் 2013-ல் தங்களுக்கென்று ஒரு அமைப்பு வைத்து வசூலிக்கத் தொடங்கினார்கள். இளையராஜா தன் பாட்டுக்கு உரிமை கேட்டு நோட்டீஸ் அனுப்புகிறார். நாம் பட்டிமன்றம் வைத்துப் பேசுகிறோம். நடிகர்களுக்கு அப்படி ஒரு வசூல் அமைப்பு வேரூன்றவில்லை. முன்வரிசை நடிகனுக்கு அது தேவைப்படவில்லை. அவன் சம்பளத்தை முன்னாலேயே கோடியில் வாங்கிவிடுகிறான். பின்வரிசைக்காரன் கேட்டால், அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். 1952-ல் தொடங்கிய நடிகர் சங்கம் முதிய கலைஞர்களுக்கு மாதம் ஏதோ கொடுக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் நம் காதில் அதிகம் விழுந்தது எது? ஹபிபுல்லா சாலைக் கட்டிடம், அதன் குத்தகை, தேர்தல், ஓட்டு எண்ணிக்கை வழக்கு. 2019-ல் போட்ட ஓட்டை 2022-ல் எண்ணினார்கள். அந்தச் சுறுசுறுப்பில் பாதி ஒப்பந்தப் படிவத்தில் இருந்திருந்தால் போதும்.

தயாரிப்பாளர் தரப்பையும் சொல்ல வேண்டும். பத்துப் படத்தில் ஏழு எட்டு நஷ்டம், நாங்களே தலையில் துண்டு போட்டிருக்கிறோம், ராயல்டி எங்கிருந்து கொடுப்பது என்பார்கள். வாதம் புரிகிறது. ஆனால் ராயல்டி என்பது ஓடாத படத்தில் யாரும் கேட்பதில்லை. படம் திரும்பத் திரும்ப விலை போகும்போது, வரும் காசில் ஒரு துளி. விலை போகவில்லை என்றால் துளியும் இல்லை. நஷ்டப்பட்டவனிடம் பிடுங்குவது எங்கே வந்தது?

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டைக்காரர்களுக்கு நடிகன் சம்பாத்தியம் என்றால் பி.யு.சின்னப்பாதான் ஞாபகம் வருவார். பணம் வந்தபோதெல்லாம் இந்த ஊரில் வீடு வீடாக வாங்கிப் போட்டதாகவும், இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடுத்ததாகவும் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதையைச் சொல்லி, "நடிகன்னா அப்படிச் சேர்க்கணும்" என்பார்கள். சின்னப்பா கதாநாயகன். பாட்டுக்காரர். அவரோடு 'கண்ணகி'யில் சிரிக்க வைத்த சின்னச் சின்ன வேடக்காரர்கள் எந்தத் தெருவில் எந்த வீட்டை வாங்கினார்கள்?

அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம். பங்குனி, சித்திரை பிறந்தால் ஆலங்குடிப் பக்கம், பொன்னமராவதிப் பக்கம், ஊருக்கு ஊர் வள்ளி திருமணம் நாடகம். இந்த ஸ்பெஷல் நாடகத்துக்கு மதுரை போல, காரைக்குடி போல, புதுக்கோட்டையும் ஒரு தலைமை ஊர். நடிகர் சங்கம் இங்கே உண்டு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசிக் கொண்டுவருவார்கள். ஒத்திகை கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் முதலில் மேடைக்கு வருகிறவன் பபூன். ஜனம் இன்னும் பாய் விரித்துக்கொண்டிருக்கும். குழந்தை அழும். பஜ்ஜிக் கடைச் சத்தம். அந்த இரைச்சலை ஒற்றை ஆளாக அடக்கி, பாடி, ஆடி, ஊர்ப் பெரியவர் பெயரைச் சொல்லிக் கிண்டல் செய்து, கூட்டத்தை உட்கார வைப்பவன் அவன்தான். அவன் உட்கார வைத்த கூட்டத்தின் முன்னால்தான் நாரதரும் வள்ளியும் விடிய விடியத் தர்க்கம் செய்கிறார்கள்.

திருவிழாக் கமிட்டியின் வரவு செலவு நோட்டை எங்காவது புரட்டிப் பாருங்கள். வாணவேடிக்கைக்கு இவ்வளவு, சீரியல் லைட்டுக்கு இவ்வளவு, ஃப்ளெக்ஸ் போர்டுக்கு இவ்வளவு. இதிலெல்லாம் பேரம் கிடையாது. பபூனுக்கு வரும்போது மட்டும் "போன வருஷம் இவ்வளவுதானேப்பா கொடுத்தோம், இந்த வருஷம் என்ன கூடுதலாக் கேக்குறே?" என்பார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாடகக்காரனுக்கு வருடத்தின் சம்பாத்தியமே பங்குனி தொடங்கி ஆடி வரைதான். அந்த வருடம் அது அப்படியே போயிற்று. நமக்கு அந்த மாதங்களிலும் முதல் தேதி பென்ஷன் வங்கிக் கணக்கில் ஏறியது. நேர்காணலுக்குக் கூட வர வேண்டாம் என்றார்கள். சேமித்திருக்க வேண்டியது யார், சொல்லுங்கள்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. இயல் இசை நாடக மன்றம் மூலம் மாத உதவித்தொகை உண்டு. ஆனால் அதன் பெயரிலேயே 'நலிந்த' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நலிந்த நிலையில் வாழும் கலைஞர். நாம் யாராவது 'நலிந்த குமாஸ்தா' என்று எழுதிக் கொடுத்துப் பென்ஷன் வாங்கினோமா? நான் நலிந்துவிட்டேன் என்று நிரூபித்தபிறகு வருவது தருமம். வேலை பார்த்தேன் என்று நிரூபித்தபிறகு வருவதுதான் சம்பளம். நம் சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு அரிசியோடு அம்மன் காசும் கொடுப்பார்கள். நல்ல தருமம். ஆனால் திவான் ஆபீஸ் குமாஸ்தா தன் சம்பளத்தை அந்த வரிசையில் நின்று வாங்கவில்லை.

என்.எஸ்.கிருஷ்ணனை நாம் கலைவாணர் என்கிறோம். வாரிக் கொடுத்தவர் என்று புகழ்கிறோம். லட்சுமிகாந்தன் வழக்கில் இரண்டு வருடத்துக்கு மேல் சிறையில் இருந்து, 1947-ல் விடுதலையாகி, மறுபடி உழைத்து, மறுபடி கொடுத்து, 1957-ல் 48 வயதில் போனார். 1969 பொங்கலன்று அண்ணா வந்து அவர் சிலையைத் திறந்து வைத்தார். வாரிக் கொடுத்த நடிகனுக்குச் சிலை, வாரிக் கொடுக்க வழியில்லாத நடிகனுக்கு வாட்ஸ்அப்பில் உபதேசம். இரண்டுமே அவனுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் இருப்பதற்கான வழிதான்.

ஆகவே கேட்க வேண்டியதை வரிசையாகக் கேட்போம். ஒரு நாள் வேலையானாலும் எழுத்தில் ஒப்பந்தம். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியவன் பெயர் படத்தின் பட்டியலில். காட்சியைத் துண்டு போட்டு விற்கும்போது, சேனலில் ஓட்டும்போது, விளம்பரத்துக்கு எடுக்கும்போது, அதில் முகம் தெரிகிறவனுக்குப் பங்கு. அதை வசூலித்துக் கொடுக்க நடிகர் சங்கமே ஒரு அமைப்பு. நாடக மேடைக்காரனுக்கு, ஒவ்வொரு நாடகத்துக்கும் கமிட்டி கொடுக்கும் தொகையில் இவ்வளவு என்று அவன் பெயரில் நல வாரியத்தில் கட்டும் ஏற்பாடு. இதில் எதுவும் நிலவைப் பிடித்துத் தரச் சொல்வது இல்லை. மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பென்ஷன் கணக்குகளைப் பேரேட்டிலும் பிறகு கம்ப்யூட்டரிலும் வைத்துப் பராமரித்த ஆட்கள் நாம். 200 படத்துக்கு ஒரு கணக்கு வைக்க முடியாது என்று நம்மிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் நடக்க வருடங்கள் ஆகும். உடனே செய்யக் கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர்த் திருவிழாக் கமிட்டியில் நீங்களோ உங்கள் பிள்ளையோ இருப்பீர்கள். அடுத்த பங்குனிக்கு வரவு செலவு எழுதும்போது, வாணவேடிக்கையில் இரண்டு சரத்தைக் குறைத்து, பபூன் கேட்கிற தொகையைப் பேரம் பேசாமல் எழுதுங்கள். அதோடு அவருடைய பெயரையும் நோட்டீசில் பெரிய எழுத்தில் போடுங்கள்.